ஸ்டெல்லாவிடம் சொல்லாமல் வந்த திருத்தம்

பாப்பா,

உன் கல்யாணப் பத்திரிகை நேற்று அச்சாகி வந்துவிட்டது. நாலு முறை ப்ரூஃப் பார்த்தேன். மாப்பிள்ளையின் தாத்தா பெயரில் ஒரு கொம்பு விட்டுப்போயிருந்தது, சேர்த்தேன். முப்பத்தொரு வருஷம் செய்த வேலை இது. தி.நகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பிரஸ்ஸில், ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து, மற்றவர்கள் எழுதியதில் பிழை தேடிக்கொண்டிருந்தேன். போன வருஷம் ஓய்வும் பெற்றாயிற்று. நீ பெங்களூரிலிருந்து வர இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. அதற்குள் உன்னிடம் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். எஸ்.டி.டி. போட்டுச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை பூத் வரை போய்விட்டுத் திரும்பினேன். பேச்சில் நான் நழுவிவிடுவேன். எழுத்தில் நழுவுவது எனக்குக் கொஞ்சம் கஷ்டம். அதனால் எழுதுகிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், நீ ப்ளஸ் டூ பரீட்சைக்குப் படித்த நாட்களைப் பற்றியது இது. ஆறாவது வகுப்பிலிருந்து ஸ்டெல்லாவும் நீயும் ஒரே பெஞ்சு. பட்டினப்பாக்கத்திலிருந்து சனிக்கிழமைதோறும் நடந்தே மயிலாப்பூருக்கு வருவாள். நம் போர்ஷனில் இரண்டு பேரும் சுவரில் சாய்ந்துகொண்டு படிப்பீர்கள். அவள் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதவர். அம்மா அந்தோணியம்மா மீன் விற்பவள். டியூஷன் என்ற பேச்சுக்கே அந்த வீட்டில் இடமில்லை. அந்த வருஷம் எங்கள் பிரஸ் ப்ளஸ் டூ இயற்பியலுக்குத் தமிழில் ஒரு கைடு போட்டது. ப்ரூஃப் பார்த்தவன் நான். எனக்கு இரண்டு பிரதி இலவசமாகக் கிடைத்தது. ஒன்றை உனக்குக் கொடுத்தேன். இன்னொன்றின் முதல் பக்கத்தில் ஸ்டெல்லாவின் பெயரை நல்ல கையெழுத்தில் எழுதி, கீழே என் கையெழுத்தையும் போட்டு, அவளிடம் கொடுத்தேன். “பாடப்புத்தகம் புரியலைன்னா இதைப் படி. ஒரு எழுத்துப் பிழைகூட இருக்காது, நான் பொறுப்பு” என்றேன். அந்தப் பெண் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கு அது பிடித்திருந்தது.

திங்கட்கிழமை இயற்பியல் பரீட்சை. அதற்கு முந்தைய வியாழக்கிழமை மத்தியானம் நான் அரைநாள் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். உனக்கு இரண்டு நாளாக ஜுரம். கூடத்தில் பாய் போட்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு, அணுக்கரு இயற்பியல் பாடத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாய். கதிரியக்கச் சிதைவு. பத்து மார்க் கேள்வி அதிலிருந்துதான் வரும் என்று உங்கள் டீச்சர் சொல்லியிருந்தார். நீ சும்மா படிக்கிறவள் இல்லை. ஒரு வாய்பாடு வந்தால் அதில் எண்களைப் போட்டுப் பார்ப்பாய். அன்றும் அப்படித்தான் ஒரு கணக்கைப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாய்.

“அப்பா, இங்க வாங்களேன். உங்க புக்குல ஏதோ இடிக்குது.”

நான் வந்து உட்கார்ந்தேன். எனக்கு இயற்பியல் தெரியாது என்பதால் நீ முதலிலிருந்து சொன்னாய். “அரை ஆயுட்காலம்னா, ஒரு கதிரியக்கப் பொருள்ல இருக்கிற அணுக்கள்ல பாதி சிதையறதுக்கு ஆகிற நேரம். ரேடியத்துக்கு அது ஆயிரத்து அறுநூறு வருஷம்னு பாடத்துலயே போட்டிருக்கு. சிதைவு மாறிலின்னு ஒரு எண் இருக்கு, எவ்வளவு வேகமா சிதையுதுன்னு காட்டறது. அதையும் கொடுத்திருக்காங்க. உங்க புக்குல இருக்கிற வாய்பாட்டுல அந்த எண்ணைப் போட்டா ஒரு நொடில கோடியில ஒரு பங்குகூட வரலப்பா. ரேடியம் கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள பாதி காலி.”

“கணக்குல எங்கயாவது விட்டிருப்ப.”

“மூணு தடவை போட்டுட்டேன். பெருக்கி வச்சிருக்காங்க. வகுக்கணும். வேகமா சிதையறது சீக்கிரம் பாதியாகும், மெதுவா சிதையறது லேட்டா பாதியாகும். அப்ப அந்த மாறிலி கீழதானே இருக்கணும்?”

பாடப்புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினாய். 0.693 மேலே, அந்த மாறிலியைக் குறிக்கிற லாம்டா கீழே, நடுவில் ஒரு கோடு. எங்கள் புத்தகத்தில் அந்தக் கோடு இல்லை. இரண்டும் ஒரே வரியில், பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பாடத்தின் கடைசியில் கட்டம் போட்டுக் கொடுத்திருந்த முக்கிய வாய்பாடுகளிலும் அப்படியே. “மேல இருக்கிற வழிமுறை எல்லாம் சரியாத்தான் இருக்கு. கடைசி வரிதான் தப்பு. புரிஞ்சு படிக்கிறவங்க கண்டுபிடிச்சிடுவாங்க” என்று சொல்லிக்கொண்டே வந்தவள், சட்டென்று நிறுத்தினாய். “ஸ்டெல்லா மனப்பாடம் பண்றவப்பா.”

மறுநாள் காலையில் பிரஸ்ஸுக்குப் போனதும் பழைய ப்ரூஃப் கட்டை எடுத்துப் பார்த்தேன். ஆசிரியர் எழுதிக்கொடுத்த பிரதியில் கோடு இருந்தது. முதல் ப்ரூஃபிலும் இருந்தது. அச்சுக் கோக்கும்போது வேறு எதையோ மாற்றப்போய், இரண்டாவது ப்ரூஃபில் அது விழுந்துவிட்டது. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ‘சரி’ என்று எழுதி என் இனிஷியல். பொங்கல் நெருக்கடியில் பார்த்தது. தமிழ் வரிகளை எழுத்தெழுத்தாகப் படிப்பேன். சமன்பாடு வந்தால் அதை ஒரு படத்தைப் போல மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் தாண்டுவேன். எத்தனையோ வருஷமாக அப்படித்தான். அது என் வேலையில் இருந்த ஓட்டை. எனக்கு மட்டும் தெரிந்த ஓட்டை.

முதலாளியிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துக்கொண்டே, “திங்கட்கிழமை பரீட்சை. அத்தோட இந்த வருஷத்து புக்குக்கு வேலை முடிஞ்சுது. அடுத்த பதிப்புல திருத்திடலாம். வாத்தியாருங்க காதுல விழுந்தா ஒரு ஸ்கூல்லயும் நம்ம புக்கு நுழையாது. நீங்களும் இதே மேஜைல உக்காந்திருக்கணும்னா வாயைத் திறக்காதீங்க” என்றார். நான் சரி என்றேன். அந்தக் கைடை வாங்கிப் படித்த மற்ற பிள்ளைகள் யார், எந்த ஊர், யார் யார் அந்த வரியை அப்படியே எழுதினார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றதும் இல்லை. அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் நீ விடவில்லை. வீட்டுக்கு வந்து முதலாளி சொன்னதைச் சொன்னதும், “மத்தவங்களை விடுங்க, ஸ்டெல்லாகிட்டயாவது போய் சொல்லுங்கப்பா. பரீட்சை ஆரம்பிச்சதுலேருந்து அவ சனிக்கிழமை வர்றதில்ல. எனக்கு ஜுரம் இல்லைன்னா நானே போயிருப்பேன்” என்று அழாத குறையாகக் கேட்டாய். ஒரு துண்டுத்தாளில் சரியான வாய்பாட்டைப் பெரிதாக எழுதி, ரேடியம் கணக்கையும் கீழே போட்டு, மடித்து என் சட்டைப் பையில் வைத்தாய். அவர்கள் வீட்டில் போன் கிடையாது. சாயங்காலம் ஐந்து மணிக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன். இதை நீ நம்ப வேண்டும் என்று கேட்கவில்லை. நடந்தது அப்படி.

அந்தோணியம்மா சாலையோரம் பலகையில் மீன் பரப்பி உட்கார்ந்திருந்தாள். சுற்றி ஏழெட்டுப் பேர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

“இன்னா சார், இம்மாந்தூரம் வந்துகீறீங்க? ஸ்டெல்லா இல்லியே, வெள்ளிக்கெழமை சிலுவைப்பாதைக்கு மாதா கோயிலுக்குப் போயிகீது. குந்துங்க சார்.” பக்கத்துப் பலகைக்காரியிடம் திரும்பி, “ஸ்டெல்லா ராப்பகலா ஒரு புக்கு வச்சிக்கினு படிக்குதே, அத்த எழுதுனவரு இவுருதான். பெரிய படிப்பு. எம்பொண்ணு பேரு போட்டு, கையெழுத்துப் போட்டுக் குடுத்துகீறாரு, தெர்மா?” என்றாள்.

மீன் வாங்கிக்கொண்டிருந்த எல்லோரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். பேன்ட் போட்ட ஒருவர் வணக்கம்கூட வைத்தார். நான் எழுதவில்லை, பிழை பார்த்தவன் மட்டும்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அடுத்த வாக்கியம் தானாக வந்திருக்கும்: அந்தப் பிழையையும் சரியாகப் பார்க்கவில்லை. நான் சிரித்தேன். முப்பத்தொரு வருஷத்தில் என்னை ஒருவரும் புத்தகம் எழுதியவன் என்று நினைத்ததில்லை, பாப்பா. வேலை போய்விடும் என்ற பயம் பாதிதான். அந்தப் பயம் மட்டும் இருந்திருந்தால் தாளை அவள் கையில் கொடுத்துவிட்டு, பெண்ணிடம் கொடு என்று சொல்லிவிட்டாவது வந்திருப்பேன். மீதிப் பாதி இதுதான்.

“நல்லா படிக்கச் சொல்லுங்க” என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. அந்தோணியம்மா ஒரு வஞ்சிரத்தைத் துண்டு போட்டு, பேப்பரில் சுற்றி நீட்டினாள். பர்ஸை எடுத்தேன். “துட்டெல்லாம் வாணாம் சார். எம்பொண்ணுக்கு நீங்க குடுத்ததுக்கு நான் இன்னா குடுத்துட முடியும்?” என்றாள். வாங்கிக்கொண்டேன். கொஞ்ச தூரம் வந்து, கடல் மணல் ஆரம்பிக்கிற இடத்தில் சைக்கிளை நிறுத்தி, உன் துண்டுத்தாளைக் கிழித்துப் போட்டேன். வீட்டுக்கு வந்தவுடன் நீ கேட்டாய். “சொல்லிட்டேன்” என்றேன். அம்மா அந்த மீனைக் குழம்பு வைத்தாள். ஜுர வாய்க்கு நன்றாக இருக்கிறது என்று நீ இரண்டு துண்டு கூடக் கேட்டுச் சாப்பிட்டாய்.

திங்கட்கிழமை அந்தப் பத்து மார்க் கேள்வி வந்தது. மத்தியானம் உன்னை அழைத்துப்போக நான் பள்ளிக்கூட கேட்டில் சைக்கிளோடு நின்றேன். ஸ்டெல்லாவுக்கு வேறு ஹால் என்பதால் காலையில் நீங்கள் பார்த்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து வெளியே வந்தீர்கள். நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “அரை ஆயுட்காலம் வந்துச்சு பாத்தியா? நல்லவேளை, அப்பா வந்து சொன்னாரு இல்ல? சரியா எழுதினியா?” என்றாய். ஸ்டெல்லாவுக்கு ஒன்றும் புரியவில்லை. உன்னைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சைக்கிள் பெல்லைத் துடைத்துக்கொண்டிருந்தேன். “ஆமாடி, சொன்னாரு” என்றாள். நீ சிரித்துக்கொண்டே கேரியரில் ஏறி உட்கார்ந்தாய். அவள் நடந்து போனாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

பின்னால் நடந்ததில் பாதி உனக்கே தெரியும். உனக்கு இன்ஜினியரிங் கிடைத்தது. ஸ்டெல்லா பி.எஸ்ஸி. இயற்பியல் படிக்க ஆசைப்பட்டாள். கல்லூரியில் முதல் பட்டியலிலும் பெயர் இல்லை, இரண்டாவதிலும் இல்லை. லேப் டெக்னீஷியன் டிப்ளமோவில் சேர்ந்தாள். அந்த ஒரு பதிலில் போன மார்க்தான் காரணமா என்று யாராலும் சொல்ல முடியாது. வேதியியலிலும் அவளுக்குக் குறைவுதான். இந்த ‘சொல்ல முடியாது’ என்பதை நான் ஆறு வருஷமாக ஊன்றுகோல் மாதிரி வைத்திருக்கிறேன். ஏதாவது தப்பு செய்துவிட்டு, அதனால்தான் நஷ்டம் வந்தது என்பதற்கு நிரூபணம் இல்லை என்று உனக்கு நீயே சொல்லிக்கொள்ளும் நாள் வந்தால், என்னை நினைத்துக்கொள். நிரூபணம் கிடைக்கும்வரை காத்திருப்பதற்குள் ஆள் கை நழுவிப் போய்விடுகிறார்.

ஆனால் இவ்வளவும் சொன்னது இனிமேல் சொல்லப்போவதற்காகத்தான். சீட் கிடைத்த அன்று ஸ்வீட் வாங்கிக்கொண்டு நீ பட்டினப்பாக்கம் போனாய். ஸ்டெல்லா உள்ளே இருந்துகொண்டே வெளியே வரவில்லை. தலைவலி என்று அவள் அம்மா சொல்லி அனுப்பினாள். இன்னும் இரண்டு முறை போனாய். அதேதான். மூன்றாவது முறை திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்து அழுதாய். “நான் என்னப்பா பண்ணேன்? அவ ஏன் என்கூடப் பேசமாட்டேங்கிறா?” என்று என்னைத்தான் கேட்டாய். அம்மா வீட்டில் இல்லை. நாம் இரண்டு பேர் மட்டும். அப்போது நான் சொன்ன பதில் உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரியாது. எனக்கு இருக்கிறது. “பொறாமையா இருக்கும்மா. உனக்குக் கிடைச்சது, அவளுக்குக் கிடைக்கல. விடு.”

நீ நம்பினாய். அழுகையை நிறுத்தினாய். அதன் பிறகு அவள் பெயரையே எடுக்கவில்லை. காலேஜ் இரண்டாம் வருஷம் என்று நினைக்கிறேன், யாரைப் பற்றியோ பேசும்போது, “மார்க்குன்னு ஒண்ணு நடுவுல வந்தா ஃப்ரெண்ட்ஷிப் எல்லாம் அவ்வளவுதான்பா, ஸ்டெல்லாவையே பாத்தோமே” என்றாய். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தைத் திருப்பினேன். புத்தகத்தில் கோடு விட்டுப்போனது கவனக்குறைவு. பட்டினப்பாக்கத்தில் வாயைத் திறக்காமல் வந்தது கோழைத்தனம். என் பொய்யை வெளியே விடாமல் காப்பாற்றிய ஒரு பெண்ணை, அதே பொய்யை மறைக்கப் பொறாமைக்காரி ஆக்கியதற்கு என்ன பெயர் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

போன மாதம் கல்யாணத்துக்கு அழைக்க வேண்டியவர்கள் பட்டியலை அனுப்பியிருந்தாய். கடைசி வரியில் ஒரு பெயரை எழுதி, அடித்து, அடித்ததன் மேலும் அடித்திருந்தாய். அடித்ததற்குக் கீழே என்ன இருக்கிறது என்று படிப்பது என் தொழில். இரண்டு நாள் அந்தத் தாளையே வைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் பட்டினப்பாக்கம் போய் விசாரித்து, அடையாறில் அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போனேன்.

வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாள். என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டாள். “உக்காருங்க அங்கிள், பத்து நிமிஷம்” என்று சொல்லிவிட்டு, இருந்த இரண்டு பேருக்கு ரத்தம் எடுத்து முடித்து, என்னை வராந்தாவுக்கு அழைத்துப்போனாள். நான் உன் கல்யாணத்தைச் சொன்னேன். பிறகு, நின்றுகொண்டே, மற்றதையும் சொன்னேன். துண்டுத்தாளைக் கிழித்தது வரை. வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு இதைச் சொல்வதில் பெரிய தைரியம் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

“நீங்க கிழிச்சது இப்பதான் தெரியும். மத்தது தெரியும் அங்கிள்” என்றாள். “அன்னிக்கி வீட்டுக்குப் போயி அம்மாவக் கேட்டேன். சாரு வந்தாரு, நல்லா படிக்கச் சொன்னாரு, மீன் குடுத்தனுப்பினேன்னு சொன்னாங்க. அவங்க இன்னும் நீங்கதான் அந்த புக்க எழுதுனீங்கன்னு நெனச்சினுகீறாங்க. நான் ஒண்ணும் சொல்லிக்கல.”

“அப்ப கேட்டுல நீ ஏம்மா அப்படிச் சொன்ன?”

“வேற எப்படிச் சொல்றது? நீங்க பக்கத்துலயே நிக்கிறீங்க. அவ அப்பா அப்பான்னு உங்களப் பத்தியே பேசினு இருப்பா. எங்கப்பா செத்தப்போ எனக்கு எட்டு வயசு. அவளுக்கு இருக்கிறத நான் ஏன் ஒடைக்கணும்னு தோணிச்சி. அப்பறம் ரிசல்ட் வந்ததும் ஆத்திரம் வந்திச்சி. அவ மூஞ்சப் பாத்தா சொல்லிடுவேன்னு பயம். சொல்லாம வெறும்னே பேசினு இருக்கவும் என்னால முடியல. அதான் வெளிய வரல. அவ என்னப் பத்தி இன்னா நெனச்சிக்கினா?”

பொறாமை என்று நான் சொன்னதைச் சொன்னேன். அதுவரை என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவள் ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தாள். உள்ளே யாரோ கூப்பிட்டார்கள், “தோ வரேன்” என்றாள். போகவில்லை.

“கல்யாணத்துக்கு வரணும்னு ஆசையா கீது அங்கிள். ஆனா அவளுக்கு மொதல்ல தெரியணும். ஒண்ணும் தெரியாதவ மாதிரி மேடையில வந்து நின்னு சிரிக்க மாட்டேன். ஒரு தபா பண்ணிட்டேன், போதும்.”

அப்போதும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நீயே ஒரு வார்த்தை சொல்லிடேன்மா. உங்க ரெண்டு பேருக்குள்ள சுலபமா முடிஞ்சிடும்.” அறுபதை நெருங்குகிற ஒரு ஆள், ஒரு சின்னப் பெண்ணிடம் மறுபடியும் தன் வேலையைத் தள்ளப் பார்த்தேன். அவள் கோபப்படவில்லை. “அது என் வேலை இல்ல அங்கிள்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆகவே இது என் வேலை. செய்துவிட்டேன். உன் அம்மாவிடம் நேற்றுத்தான் சொன்னேன். இனி இரண்டு நாளாகுமோ ஒரு வாரமாகுமோ, அவள் என்னிடம் பேச. கல்யாண வேலை நடப்பதால் சாப்பாடு மட்டும் போடுகிறாள். நீ புகுந்த வீட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அப்பாக்கள் இந்த நேரத்தில் ஒரு பட்டியல் எழுதுவார்கள். என்னிடம் அப்படிக் கொடுக்க எதுவும் இல்லை. ஒருவரிடம் திருத்தம் சொல்லக் கிளம்பிப் போனால், சொல்லாமல் திரும்பாதே. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அதுவும் காலம் கடந்து தெரிந்தது.

ஸ்டெல்லா வேலை பார்க்கும் இடத்தின் நம்பரைத் தனியாக ஒரு சீட்டில் எழுதி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். காலை ஏழு மணியிலிருந்து மூன்று மணி வரை இருப்பாள். முதலில் அவளிடம் பேசு. இன்றைக்கே பேசு. என்னிடம் என்ன பேசுவது, பேசுவதா வேண்டாமா என்பதை அதற்கப்புறம் நிதானமாக யோசித்துக்கொள். நான் அவசரப்படுத்த மாட்டேன்.

அப்பா